குறைகள் ஏதும் நிலுவையில் இல்லை

பிப்ரவரி 3, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. குரூப் நான்கு தேர்வில் என் எண் சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேர்வாகியிருக்கிறது. 21ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, சென்னை. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். அசல் இல்லாதவர்கள் பரிசீலிக்கப்பட மாட்டார்கள்.

என் அசல்கள் என்னிடம் இல்லை. நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியின் தாளாளர் அறையில், பச்சை பீரோவில் இருக்கின்றன. கணினித் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த அன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து எம்.இ. பட்டம் வரை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் இது வழக்கம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, ஆசிரியருக்கு அசல் சான்றிதழ். "பத்திரமா இருக்கும்மா" என்றார்கள். பத்திரமாகத்தான் இருக்கிறது, என்னிடமிருந்து.

மதியம் இரண்டாம் ஆண்டுக்கு லேப். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு இணையப் பக்கத்தில் புதிய உறுப்பைச் சேர்ப்பது எப்படி, இருப்பதை நீக்குவது எப்படி. சேர்க்க இரண்டு வேலை என்றேன். முதலில் உருவாக்க வேண்டும், பிறகு பக்கத்தில் ஒட்ட வேண்டும். உருவாக்கிவிட்டு ஒட்டாமல் விட்டால் அது எங்கோ நினைவகத்தில் கிடக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது.

"நம்ம காலேஜ் பிளேஸ்மென்ட் செல் மாதிரிங்களா மேடம்?" என்று கேட்டாள் ஹேமவர்ஷினி. விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். வாய் சும்மா இருக்காது. மார்க்கும் அவளுக்குத்தான் முதலில் வரும், அதனால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

நீக்குவதில்தான் எல்லாரும் விழுவார்கள். அதனால் பத்துப் பேரை வரிசையில் நிற்க வைத்தேன். "ஒன்று" என்று கூப்பிட்டதும் முதல் ஆள் போய் உட்கார வேண்டும், பின்னால் நிற்பவர்கள் ஒரு அடி முன்னால் வர வேண்டும். அடுத்து "இரண்டு" என்றேன். இப்போது இரண்டாம் இடத்தில் நிற்பது உண்மையில் மூன்றாவது ஆள். அவன் போனான். முதலில் இரண்டாவதாக நின்றவன் முன்னால் வந்து சிரித்துக்கொண்டு நின்றான், அவனை யாரும் கூப்பிடவே இல்லை. முடித்துப் பார்த்தால் ஒன்று விட்டு ஒன்று பாதிப் பேர் அப்படியே நின்றார்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டதாக, ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கூப்பிடுகிற லூப் மட்டும் நம்பிக்கொண்டிருந்தது.

தேர்வில் கண்டிப்பாக வரும் என்றேன். உடனே எழுதிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முதல்வரிடம் அசல் கேட்டேன். தாளாளரைக் கேட்கச் சொன்னார். தாளாளர் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறார்.

பிப்ரவரி 5, புதன்

தாளாளர் தங்கமுத்துவைப் பார்த்தேன். முதல்வரும் இருந்தார், உட்காராமல்.

தங்கமுத்துவுக்குத் தொழில் போர்வெல் வண்டி, இங்கே ரிக் என்பார்கள். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி மத்தியப் பிரதேசம் வரைக்கும் பூமியைத் துளைத்து வந்த பணத்தில் கட்டிய கல்லூரி இது. சுவரில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் முதல் வண்டியின் படம் மாட்டியிருக்கிறது. மாலை இரண்டுக்கும் உண்டு. வண்டிக்குப் போட்டது கொஞ்சம் பெரியது.

"ஏங்கண்ணு, உன்ற சர்டிபிகேட்ட நாங்க என்ன வித்தா தின்னுபோடுவோம்?"

"இருபத்தொண்ணாந்தேதி சென்னையில கேக்கறாங்க சார்."

"தர்றேன். வேண்டாங்குல. பதிமூணு, பதினாலு ஆய்வுக் குழு வருது. அவிய வந்து பாத்துட்டுப் போகட்டும். அடுத்த நிமிசம் உன்ற உறை உன்ற கையில. அதுக்கு முன்னால வெப்சைட்ல சித்த வேலை இருக்குது, பிரின்சிபால் சொல்லுவாரு."

முதல்வர் சொன்னார். இரண்டு வேலை. ஒன்று, பேராசிரியர்கள் பக்கத்தில் ஆட்களைச் சேர்க்க வேண்டும். விதிப்படி இருக்க வேண்டிய முனைவர்களில் பாதிதான் இருக்கிறார்கள். ஆய்வுக்கு மட்டும் வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். இரண்டு, மாணவர் குறைதீர் பக்கத்தில் இருக்கும் புகார்களை எடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு பக்கம் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அதில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது முதல்வர்.

அதில் ஒரு சிக்கல். இணையதளத்தைச் செய்து கொடுத்த கோயம்புத்தூர்க்காரர்களோடு இவர்களுக்குச் சண்டை. சர்வர் சாவி அவர்களிடம் இருக்கிறது. எங்கள் கைக்கு வருவது ஒரே ஒரு ஸ்கிரிப்ட் கோப்பு, 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று மேலே ஓடுகிறதே, அது. அந்தக் கோப்பு எல்லாப் பக்கத்திலும் ஓடுவதால் அதைக் கொண்டு எதையும் பக்கத்தில் ஒட்டலாம், பிய்க்கலாம். ஆனால் சர்வரில் இருப்பது அப்படியே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் மாறும். இதை நேர்மையாக விளக்கினேன்.

"அவிய கண்ணுலதான கண்ணு பாக்கப்போறாங்க" என்றார் தாளாளர்.

பிப்ரவரி 7, வெள்ளி

புகார்களைப் படித்தேன். நீக்கப் போகிறவள் படிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் படித்தேன்.

"பெண்கள் விடுதி சி பிளாக்கில் வாளி இருக்கிறது. தண்ணீர் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தரவும்."

"மெஸ் குடிதண்ணீரில் புழு. வார்டன் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார். துணி கொடுப்பாரா?"

"மஞ்சள் காமாலையில் என் அறைத்தோழி ஊருக்குப் போய்விட்டாள். அவளுக்கு வருகைப்பதிவு குறைவு என்று அபராதம்."

எல்லாவற்றுக்கும் முதல்வரின் பதில் ஒன்றே: "தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது." போன வருடம் அவரே கோயம்புத்தூர்க்காரர்களைக் கூப்பிட்டு, தன் பதில் ஒவ்வொரு புகாருக்கும் மேலே வர வேண்டும் என்று மாற்றச் சொன்னார். பார்க்கிறவர்கள் கண்ணில் நடவடிக்கைதான் முதலில் படவேண்டுமாம். அதனால் பக்கம் முழுக்கப் பதில், புகார், பதில், புகார் என்று போகிறது. கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்கிற ஒரே நிர்வாகம் எங்களுடையதுதான்.

இத்தனை மாநிலத்தில் தண்ணீர் எடுத்த மனிதருக்குத் தன் விடுதிக்கு எடுக்க மனம் வரவில்லை. ஓட்டைக்கு அடி கணக்கில் காசு வாங்கிப் பழகியவருக்குத் தன்னிடமே காசு வாங்க வழி தெரியவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

வாடகைப் பேராசிரியர்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. ஒருவர் தன் கல்யாணப் படத்தை அனுப்பியிருக்கிறார். மாலையை வெட்டினால் தோள் போகிறது, தோளை விட்டால் மாலை தெரிகிறது. அவரை 'ஆராய்ச்சித் துறைத் தலைவர்' என்று போடச் சொல்லியிருக்கிறார்கள். மாலையோடே போட்டேன். விருது வாங்கியது போல் இருக்கிறது.

ஆளுக்கொரு அட்டை உருவாக்கினேன். படம், பெயர், பட்டம். பிறகு பக்கத்தில் ஒட்டினேன். பக்கம் முதலில் உள்ளதைக் காட்டும், ஒரு நொடி கழித்துப் பேராசிரியர்கள் வந்து குதிப்பார்கள். நெட் மெதுவாக இருந்தால் அவர்கள் வந்து சேர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மதியம் டாக்டர் அருளானந்து என்பவர் நேரிலேயே வந்துவிட்டார். ஓய்வு பெற்றவர். தன் அட்டையைப் பார்க்க வேண்டுமாம்.

"என்ன டிபார்ட்மென்ட் போட்டிருக்கீங்க?"

"கெமிஸ்ட்ரி சார்."

"நல்லவேளை. போன வாரம் ஒரு காலேஜ்ல சிவில்னு உக்கார வெச்சுட்டாங்க. ஒருத்தன் வந்து பீம்ல விரிசல் இருக்கு பாருங்க சார்ங்கறான். நான் எந்திரிச்சு வெளிய போய் நின்னுட்டேன்."

"உங்க படிப்பு என்ன சார்?"

"விலங்கியல்."

கேட்டதற்குக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. டீ குடித்தார். மெஸ்ஸில் மதியம் என்ன என்று விசாரித்துவிட்டு அதற்காகவே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. பென்ஷன் இல்லாத கல்லூரியில் இருபது வருடம் வேலை பார்த்தவராம். இனி இப்படித்தான் ஊர் ஊராகப் போய் ஒட்டிக்கொண்டு திரிவார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

குறைதீர் பக்கத்துக்கான வரிகளை எழுதினேன். முதல்வர் சொன்னபடி பக்கத்தின் உச்சியில் ஒரு பலகை சேர்த்தேன்: 'குறைகள் ஏதும் நிலுவையில் இல்லை. - முதல்வர்.' பச்சை எழுத்து வேண்டும் என்றார். பச்சை. பிறகு, பலகையை மட்டும் தொடாமல், அதற்கு அடுத்ததிலிருந்து கீழே கடைசி வரை ஒவ்வொன்றாக நீக்க ஒரு லூப்.

அவசரத்தில் எழுதினேன். அவசரத்தில் எழுதும்போது தப்பு வருவது சகஜம். பின்னால் யாராவது இந்த நோட்டைப் படித்தால் தெரியட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

முதல்வர் தன் கணினியில் சரிபார்த்தார். ஒரே வெள்ளை. மேலே பச்சைப் பலகை மட்டும். "அருமை" என்றார்.

அதற்கு முன் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அதே வரிகளை அந்தக் கணினியில் கையால் இன்னும் சில தடவை ஓட்ட வேண்டியிருந்தது. பழைய கணினி.

பிப்ரவரி 13, வியாழன்

குழு வந்தது. வாசலில் வாழை மரம். தலைவர் டாக்டர் சரோஜினி, குள்ளமாக, பருத்திப் புடவையில், எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி. நூலகத்துக்கு நேற்றுதான் ஈரோட்டிலிருந்து வேன் நிறையப் புத்தகம் வந்திறங்கியது. ஒரு புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்.

கெமிஸ்ட்ரி அறையில் அருளானந்து எழுந்து நின்றார். இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். முதல் முறை சந்திக்கிறவர்கள் இவ்வளவு கவனமாக வணக்கம் சொல்ல மாட்டார்கள். "சாருக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று கேட்டார் தலைவர். "இங்கங்களா மேடம்?" என்றார் அருளானந்து. தலைவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார், அல்லது எழுதுகிற மாதிரி செய்தார்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றுகிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏமாறுகிற மாதிரி நடிப்பதற்குப் பயணப்படி வாங்குகிறவர்களை என்ன செய்வது?

பிப்ரவரி 14, வெள்ளி

கூட்ட அறையில் இணையதளத்தைப் பார்க்க உட்கார்ந்தார்கள். எங்கள் கணினி வேண்டாம் என்று தலைவர் தன் லேப்டாப்பையே எடுத்தார். எங்கள் இணையதளம் பெரிய திரையில் விழுந்தது. பேராசிரியர்கள் வந்து குதித்தார்கள். நல்லது. பிறகு குறைதீர் பக்கம்.

மேலே பச்சையில், 'குறைகள் ஏதும் நிலுவையில் இல்லை.' அதன் கீழே வாளி, புழு, மஞ்சள் காமாலை, கழிப்பறைத் தாழ்ப்பாள், கீழே கீழே கீழே. முதல்வரின் பதில்கள் ஒன்றுகூட இல்லை. லூப் ஒன்றை நீக்கி ஒன்றை விட்டிருக்கிறது. நீக்கியதெல்லாம் பதில், விட்டதெல்லாம் புகார். என்ன செய்வது, அந்த வரிசையில்தான் அவர் வைக்கச் சொல்லியிருந்தார்.

 தலைவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். தாளாளருக்கு அந்த வேகத்தில் படிக்க வரவில்லை. ஆனால் முதல்வரின் முகத்தை அவரால் படிக்க முடிந்தது.

"மேல இல்லேன்னு போட்டிருக்கீங்க. கீழ இத்தனை இருக்கு?"

"அது... ட்ரான்ஸ்பரன்சி மேடம்" என்றார் முதல்வர்.

"பதில் ஒண்ணையும் காணமே?"

"பதில் சொல்லி மழுப்பறதில்ல மேடம். செயல்ல காட்டறதுதான் நம்ம... அணுகுமுறை."

"அப்ப செயலைப் பாத்துரலாம். ஹாஸ்டல் எந்தப் பக்கம்?"

சி பிளாக்கில் தலைவரே குழாயைத் திருகினார். குழாய் இருமியது. கொஞ்சம் காற்று வந்தது, கொஞ்சம் துரு வந்தது. பக்கத்தில் ஹேமவர்ஷினி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நேரம் வகுப்பு.

"தண்ணி வருமாம்மா?"

"லாரி வந்துச்சுங் மேடம். நீங்க வர்றீங்கன்னு மேல் தொட்டி நிறைய ஊத்துனாங்க."

"பின்ன ஏன் வரல?"

"தொட்டியிலிருந்து இந்த பிளாக்குக்கு பைப்பு போடலீங்க மேடம். ஊத்தறதுன்னா ஊத்துனாங்க."

பிப்ரவரி 15, சனி

விசாரணை. முதல்வர் மெக்கானிக்கல் படித்தவர். என் வரிகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஏதோ மருந்துச் சீட்டைப் பார்ப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே செய்தேனா என்று அவருக்குத் தெரிய வேண்டும். என் துறையில் யாரைக் கேட்டாலும் எனக்குச் சாதகமாகப் பேசுவார்கள் என்று நினைத்தோ என்னவோ, வகுப்பில் முதல் மார்க் வாங்கும் மாணவியைக் கூப்பிட்டனுப்பினார். ஹேமவர்ஷினி வந்தாள்.

"இதுல தப்பு இருக்கா பாரும்மா."

நிறைய நேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இருக்குதுங் சார். லிஸ்ட் சுருங்கிட்டே வர்றத கவனிக்கல. எல்லாத்துக்கும் வர்ற தப்புதாங் சார் இது. நாங்ககூட லேப்ல இதேதான் பண்ணுனோம்."

"மேடம் உங்களுக்கு இதைச் சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க சார்."

முதல்வர் நிமிர்ந்தார்.

"ஆனா எங்க யாருக்கும் புரியலீங் சார். மேடத்துக்கும் புரியலைன்னு இப்பத்தான் தெரியுது."

'பாடம் நடத்துவதில் தெளிவு போதாது' என்று என் மேல் குறிப்பு எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் அந்தப் பெண்ணைத் திட்டலாம் என்று பார்த்தால் அவள் எப்போதோ படியிறங்கிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

குழுவின் வரைவறிக்கை மின்னஞ்சலில் வந்தது. அதில் 'சிறந்த நடைமுறைகள்' என்று ஒரு கட்டம். இரண்டு எழுதியே ஆக வேண்டும் போல. ஒன்று, வளாகத்தில் மரம் நடுதல். இரண்டு, மாணவர் குறைகளை மறைக்காமல் இணையத்தில் வெளியிடல். 'இந்தப் பக்கமும் பேராசிரியர் பக்கமும் தொடர்ந்து செயல்படுவதைக் குழு ஒரு மாதம் இணையத்தில் கவனித்து இறுதி ஒப்புதல் வழங்கும். விடுதிக் குடிநீர் அதற்குள் சீர்செய்யப்பட வேண்டும்.'

கல்லூரி தேறிவிட்டது. நான் செய்த தப்பால்.

காலையிலிருந்து விடுதிக்குப் பின்னால் தாளாளரின் சொந்த வண்டி பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தில் எந்த வகுப்பும் நடக்கவில்லை. பாடம் நடத்துவதில் தெளிவு போதாது.

தாளாளர் கூப்பிட்டு அல்வா கொடுத்தார்.

"பிரின்சிபால் உன்னையத் திட்டுனாராமா? அவருக்கு வெவரம் பத்தாது கண்ணு. பேப்பர்காரன் வர்றான் நாளைக்கு, 'எதையும் மறைக்காத கல்லூரி'ன்னு போடறானாம்."

"என்ற அசல் சார்?"

"உன்னைய மாதிரி ஆளை விடுவனா? ஜூன் வரைக்கும் இரு. அட்மிஷன் முடியட்டும்."

"வெள்ளிக்கிழமை சென்னையில போய் நிக்கணும் சார். போகலைன்னா பேரை எடுத்துருவாங்க."

"கவர்மென்ட்ல போய் குமாஸ்தா வேலை பாக்கறதுக்கா எம்.இ. படிச்ச? உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன். அல்வாவ சாப்புடு."

சாப்பிட்டேன். பிறகு என் மேலேயே கோபம் வந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. எதையும் மறைக்காத கல்லூரி.

நானும் மறைக்கவில்லை. குறைதீர் பக்கத்தின் அடியில் 'பணியாளர் குறைகள்' என்று ஒரு புதிய பகுதியை உருவாக்கினேன், ஒட்டினேன். அதில் ஒரு பதிவு: 'கோகிலவாணி, உதவிப் பேராசிரியர். என் அசல் சான்றிதழ்கள் கல்லூரியிடம் உள்ளன. கேட்டும் தரவில்லை.' அவ்வளவுதான். ஒரு பொய் இல்லை, ஒரு வசவு இல்லை.

பத்து மணிக்கு நூலகர் மேரி புஷ்பம் வந்தார். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா. நம்ம ரெண்டு பேரும் ஒரே பீரோதான்." போட்டேன். அவருக்குப் பின்னால் மெக்கானிக்கல் பிரபாகர். சான்றிதழ் கைக்கு வராததால் அவருடைய துபாய் வேலை போனது ஊருக்கே தெரியும். பிறகு விடுதி வார்டன். அவர் மேலேயே பாதிப் புகார் இருக்கிறது. வெட்கப்படாமல் தன்னுடையதையும் சேர்க்கச் சொன்னார். மதியத்துக்குள் என் மேசையைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொன்றாக உருவாக்கினேன், ஒட்டினேன்.

எல்லாரும் போன பிறகு முதல்வர் வந்தார். கதவைச் சாத்தினார். என்னை வேலையை விட்டு எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"கோகிலவாணி... என்னோடதும் அங்கதான் இருக்கு."

மூடிய லேப்டாப்பை மறுபடி திறந்தேன்.

"பேரு வேண்டாம். 'மூத்த பணியாளர் ஒருவர்'னு போடுங்க."

"பச்சைல போடட்டுங்களா சார்?"

"சாதாரணமாவே போடுங்க."

பிப்ரவரி 19, புதன்

தாளாளர் அறை. இந்த முறை அல்வா இல்லை.

"எடுத்துப்போடு."

"எடுத்தர்றேன் சார். ஒரு வரிதான். உறை யாரு கைக்கு வருதோ அவங்க பதிவு உடனே போயிரும்."

"மெரட்டறயா?"

"இல்லீங் சார். ட்ரான்ஸ்பரன்சி."

என் முன்னாலேயே கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டார். சண்டையை மறந்து, தம்பி தங்கம் என்றெல்லாம் கொஞ்சினார். ஸ்பீக்கரில் கேட்டது.

"அந்த ஸ்கிரிப்ட்டை எடுத்துரலாங் சார். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா உங்க புரொபசருங்க எல்லாம் அதே ஃபைல்லதான் இருக்காங்க."

"அதனால?"

"அதை எடுத்தா அவங்களும் போயிருவாங்க. பாதிப் பக்கம் காலியாயிருமுங்க."

"அவியள மட்டும் வெச்சுட்டு இதுகள எடு."

"அதுக்கு உக்காந்து கோடு பாக்கணுங் சார். அதுக்கு முன்னால பழைய கதை ஒண்ணு நமக்குள்ள பேசி முடிக்க வேண்டியிருக்குதுங்களே."

தாளாளர் போனை வைத்தார். குழு பார்த்துக்கொண்டிருக்கிறது. வாடகைப் பேராசிரியர்களும் எங்கள் சான்றிதழ்களும் ஒரே கோப்பில், ஒரே பானைச் சோறாகக் கிடக்கின்றன. இதை நான் திட்டமிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கோப்பு ஒன்றுதான் கொடுத்தார்கள்.

"உங்கொப்பன் என்ன பண்றாரு?" என்று கேட்டார் திடீரென்று.

"லாரி ஓட்டறாருங்க சார்."

"ரிக் வண்டியா?"

"முன்ன ரிக்குதாங்க. லைசென்சை ஓனர் பிடிச்சு வெச்சுக்கிட்டாருன்னு அந்த வேலையை விட்டுட்டாருங்க."

ஓனர் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேறு ஆள்தான். ஆனால் அவர் நினைத்துக்கொள்வதை நான் ஏன் தடுக்க வேண்டும்?

பிப்ரவரி 20, வியாழன்

பீரோ திறந்தது.

தாளாளரே ஒவ்வொரு உறையாக எடுத்துப் பெயரைப் படித்துக் கொடுத்தார், ஏதோ பரிசளிப்பு விழா போல. நான் அவர் மேசை ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். உறை கைமாறியதும் பதிவை நீக்குவேன், திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுவேன், அவர் அடுத்ததை எடுப்பார். மேரி புஷ்பம் உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். பத்தாம் வகுப்புப் பட்டியலில் இருந்த தன் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒல்லியாவா இருந்தேன்" என்று எல்லாரிடமும் காட்டினார். பிரபாகர் வாங்கியதும் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேகமாக வெளியே போனார், மழை பெய்கிற மாதிரி.

கடைசியில் திரையில் இரண்டு பதிவுகள். ஒன்று என்னுடையது. மற்றொன்று, மூத்த பணியாளர் ஒருவர்.

"இது யாரு?" என்றார் தாளாளர்.

முதல்வர் ஜன்னல் வழியாக ரிக் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் இருந்த எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஏனுங் பிரின்சிபால்."

"சார்."

"நீங்களுமா?"

"சீனியாரிட்டிப்படி குடுத்தா போதும் சார்" என்றார் முதல்வர், திரும்பாமல்.

கொடுத்தார். நீக்கினேன். பிறகு என் உறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"போ. போய் பைல் கட்டிட்டு உக்காரு. அந்த புரொபசருங்கள ஒரு மாசம் யாரு பாத்துக்குவா? யாருக்காச்சும் சொல்லிக் குடுத்துட்டுத்தான போற?"

"செகண்ட் இயர் பசங்க எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன் சார்."

"அவியளுக்குப் புரியலைன்னாங்களே?"

"இப்பப் புரிஞ்சிருச்சுங் சார்."

உறை என் கைக்கு வந்தது. என் பதிவை நீக்கினேன். 'பணியாளர் குறைகள்' என்ற தலைப்பு மட்டும் மிச்சம் நின்றது, கீழே ஒன்றுமில்லாமல். அதை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. விட்டுவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 21, வெள்ளி

சென்னை. கூடத்தில் நாற்காலிகள், மின்விசிறி, எங்கள் எல்லாருடைய மடியிலும் ஒரு உறை. என் பக்கத்தில் இருந்த சிவகங்கைப் பெண் தன் உறையைத் துப்பட்டாவில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். "எந்த காலேஜ்ல வெச்சிருந்தாங்க?" என்று கேட்டேன். அவள் தனியார் நர்ஸிங் ஹோம் என்றாள். சொல்லிவிட்டு முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

என் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, என் அம்மா வயது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பி.இ., எம்.இ., சாதிச் சான்று. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கணினியில் இருந்த நகலோடு ஒப்பிட்டார், கோடு போட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கலந்தாய்வுத் தேதி செல்பேசிக்கு வரும் என்றார்.

நான் எழுந்து, வணக்கம் சொல்லிவிட்டு, கதவை நோக்கி நடந்தேன்.

"ஏம்மா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். அசல்களைச் சேர்த்துத் தட்டி ஒரு கட்டாக நீட்டிக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் யாரு எடுத்துட்டுப் போவா?"

வாங்குவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.